மாலை போடாத படங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் வீட்டில் படம் வைத்திருப்பதே ஆபத்து. யாருடைய படம், என்ன உடுப்பில் நிற்கிறார், பக்கத்தில் நிற்பது யார் என்பதைப் பொறுத்து ஆபத்து ஆமியிடமிருந்து வரும், இந்தியப் படையிடமிருந்து வரும், இயக்கங்களில் எதிலிருந்தும் வரும். ஊரைப் பிடித்திருப்பவர்கள் மாறும்போதெல்லாம் அல்பங்களும் மெலிந்தன. 1987இல் ஒரு படத்தைக் கிழித்தவர்கள் 1990இல் இன்னொன்றைக் கிழித்தார்கள், 1996இல் மிச்சத்தை அடுப்பில் போட்டார்கள். கிழிக்க மனம் வராதவர்கள் கத்தரிக்கோலால் ஒரு ஆளை மட்டும் வெட்டியெடுத்தார்கள். அப்படி வெட்டிய குடும்பப் படங்கள் எங்கள் ஸ்ரூடியோவுக்கு நிறைய வந்திருக்கின்றன. தங்கச்சியின் தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கும். "தம்பி, அந்தக் கையையும் எடுக்கேலுமோ?" என்று மெல்லக் கேட்பார்கள். பென்சிலாலும் சாயத்தாலும் அந்தக் கையை மறைத்துக் கொடுப்பது அந்நாளில் எங்களுக்கு வருமானம் தந்த வேலை.

போர் முடிந்த பிறகு நல்லிணக்கம் என்ற சொல்லோடு நிறையப் பேர் வடக்குக்கு வந்தார்கள். கலையாலும் நிழற்படத்தாலும் ஆவணங்களாலும் பிரிந்த சமூகங்களைச் சேர்க்கலாம் என்று ஹோட்டல் மண்டபங்களில் பேசினார்கள். படம் பிடிக்கிற ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். மற்றவன் உன் படத்தைப் பார்க்க வேண்டும், பார்த்து மனம் இளக வேண்டும் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். அதற்கு முன்னால், படத்துக்குச் சொந்தக்காரி அதைத் தன் வீட்டு முன்விறாந்தையில் பயமில்லாமல் மாட்ட வேண்டுமே. அது நடக்காத ஊரில் கண்காட்சி வைத்து என்ன பயன் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

ஐயா தொடங்கிய ஸ்ரூடியோ கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருந்தது. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு மூன்றும்தான் பிரதான தொழில். வெளியூர்க்காரருக்கு இது வினோதமாகப்படலாம்: எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுப்பது கட்டாயம். வர முடியாத பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். 1983க்குப் பிறகு வர முடியாத பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். ஒரு செத்தவீட்டுக்கு மூன்று பிரதி என்றிருந்தது ஆறு, ஏழு என்றானது. லண்டனுக்கு ஒன்று, பாரிசுக்கு ஒன்று, ரொறன்ரோவுக்கு இரண்டு. அன்றைக்கு அதை வியாபாரமாக மட்டும்தான் பார்த்தோம்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் மின்சாரம் நின்றது. பிறகு வருடக்கணக்கில் வரவில்லை. பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பிலிமும் தாளும் கொழும்பிலிருந்து யாராவது சாமானுக்குள் மறைத்துக் கொண்டுவந்தால் உண்டு. இருட்டறையில் அரிக்கன் லாம்பைச் சிவப்புத் துணியால் சுற்றி வைத்துக்கொண்டு வேலை செய்தோம். படம் அச்சடிக்க வெள்ளை வெளிச்சம் வேண்டுமே. அதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, சுவர் ஓட்டையால் உள்ளே ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டான். நெகற்றிவைத் தாளின்மேல் வைத்துக் கண்ணாடியால் அமர்த்திக்கொண்டு நான் "மிதி" என்பேன். வெளியே அவன் மிதிப்பான். பத்து எண்ணும்வரை ஒரே வேகத்தில் மிதிக்க வேண்டும். இடையில் ஒழுங்கையால் போகிற யாரோடாவது கதைத்தான் என்றால் வேகம் குறைந்து படம் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நாட்களில் எடுத்த அடையாள அட்டைப் படங்களைப் பார்த்தால் தம்பி எப்போது களைத்தான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

ஐயாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நெகற்றிவையும் பழுப்புத் தாள் உறையில் போட்டு இலக்கமிட்டு, நீளக் கொப்பியில் திகதி, பெயர், ஊர், அளவு, முற்பணம், மிச்சம் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். கடன் மறக்கக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய கொப்பி அது. ஆவணக் காப்பகம் என்ற பேச்செல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். காலையில் ஒலிபெருக்கி, ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி அறிவித்தல், இரண்டு மணி நேர அவகாசம். சோனகத் தெருவும் அதைச் சுற்றிய ஒழுங்கைகளும் பின்னேரத்துக்குள் வெறுமையாகின. கையிலிருந்த நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் வடபகுதி எல்லாவற்றிலுமிருந்தும் விரட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். தெருவில் நின்ற தமிழரில் அழுதவர்கள் உண்டு. உரத்து வாய் திறந்தவர் இல்லை. எங்கள் உறைகளில் அவர்களுடைய நிக்காஹ் படங்கள், பிள்ளைகளின் முதல் படங்கள், ஒஸ்மானியாக் கல்லூரிப் பரிசளிப்பு விழாப் படங்கள் எல்லாம் இருந்தன. சில ஓடர்கள் அச்சடித்து முடிந்து, ஆள் வந்து வாங்குவதற்காகக் காத்திருந்தன. ஐயா கொப்பியில் அந்த வரிகளுக்கு நேரே "கொடுக்கவில்லை" என்று எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30இல், புலிகள் எங்களையும் வெளியேறச் சொன்னார்கள். படை வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. நாலு, ஐந்து லட்சம் சனம் ஒரே இரவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தத் திகதி ஒற்றுமையைப் பற்றி ஊரில் பலர் தங்களுக்குள் கதைத்தார்கள். "அந்தப் பாவம்தான்" என்று ஒரு கிழவி பாலத்தடியில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். தெய்வக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் 1990ஐ மறக்காத தமிழர் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பேச்சு சாட்சி.

எதைக் கொண்டுபோவது என்று ஐயா அன்று இரவு ஒரு கணக்குப் பார்த்தார். கண்ணாடி நெகற்றிவ்கள் பாரம்; அவற்றை உரப்பையில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டார். 35 மில்லிமீற்றர் பிலிம் கீலங்கள் இலேசு. ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் ஊர் முழுக்க அடங்கும் என்றார். ரின்களையும் கொப்பிகளையும் சைக்கிளில் கட்டினோம். கமெராவில் ஒன்றைத்தான் எடுத்தோம். 1996இல் திரும்பி வந்தபோது ஸ்ரூடியோவில் கூரையும் இல்லை, கதிரையும் இல்லை. தாட்ட கண்ணாடிகளை எடுத்துப் பார்த்தோம். ஈரத்தில் மேற்பூச்சு தோல் உரிந்ததுபோல வந்துவிட்டது. வெறும் கண்ணாடிதான் மிச்சம். ஓவியர் அ. மாற்கு மாஸ்டரின் ஓவியங்களில் பெரும்பகுதியும் அந்த இடப்பெயர்வில்தான் போனது. ஒரு தலைமுறைக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த மனிதர், தன் கையில் தன் ஓவியங்கள் இல்லாமல் 2000இல் காலமானார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ-9 பாதை திறப்பு. அந்த ஏப்ரலில்தான் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் முஸ்லிம்களை வெளியேற்றியதைத் தவறென்று புலிகள் தரப்பு ஒப்புக்கொண்டது. கொஞ்ச நாளில் புத்தளத்திலிருந்து ஒரு நானா எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். நரைத்துப் போயிருந்தார். சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டு வருடப் பழைய பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அகதிக் கொட்டிலில் அதை எப்படிக் காப்பாற்றினார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஐயா கொப்பியைப் பிரித்தார், இலக்கத்தைப் பார்த்தார், ரின்னைத் திறந்தார். மகளின் நிக்காஹ். நான் இரண்டு நாளில் அச்சடித்துக் கொடுத்தேன். மிச்சக் காசு எவ்வளவு என்று நானா கேட்டார். ஐயா 1990ஆம் ஆண்டு விலையைச் சொல்லி அதை வாங்கிப் பெட்டியில் போட்டு, "கொடுக்கவில்லை" என்பதைக் கோடிட்டு வெட்டிக் "கொடுத்தாச்சு" என்று எழுதினார். இலவசமாகக் கொடுத்திருக்கலாமே என்று பிறகு நான் கேட்டதற்கு, "பிச்சை வாங்கவோ அந்த மனிசன் வந்தது? கணக்கு முடிக்க வந்தது" என்றார்.

கதை அங்கே இனிமையாக முடிந்திருந்தால் கூட்டங்களில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். நானா படங்களைப் பையில் வைத்துவிட்டு எழும்பவில்லை. "அண்ணை, அண்டைக்கு நீங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லத்தானே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஐயா பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. அடுத்த முறை நானா வந்தபோது உறவுக்காரர் ஆறு பேரின் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுவந்தார். கேள்விக்கு அப்போதும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மேசை கிடைத்தது. அந்தப் பழுப்பு உறை இல்லாவிட்டால் அவர் எங்கள் படலையைத் திறந்திருக்கவே காரணம் இல்லை. படங்களாலும் ஆவணங்களாலும் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவும்தான்.

யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிறகு பழைய தோற்றத்திலேயே வெள்ளை அடித்துக் கட்டினார்கள். எரிந்த சுவரில் ஒரு பகுதியையாவது அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று அப்போது வாதாடியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்குத் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு, இங்கே நெருப்பு இருந்தது என்பதைக் கட்டடம் சொல்வதில்லை.

அந்த நூலகத்துக்குள்ளேயே 2004இல் ஓவியர் தா. சனாதனன் ஒரு வேலை செய்தார். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சாதாரணப் பொருட்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்தார். பொருளைக் கொடுத்தவர்களே பார்க்க வந்தார்கள். அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கமாக ஓவியக் கண்காட்சிக்கு வராத சனம். சாறத்தோடு வந்தவர்கள், சந்தைப் பையோடு வந்தவர்கள். தங்கள் சாமானைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகு பக்கத்துச் சாமான் யாருடையது என்று விசாரித்தார்கள். 2011இல் அவர் வெளியிட்ட தோம்பு நூலும் அந்த வழியில் வந்ததுதான். இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. ஆதன உறுதி தொலைந்தவர்கள் கையால் கீறிய உறுதி என்று அதைச் சொல்லலாம். ஒருவர் வீட்டைவிடக் கிணற்றைப் பெரிதாகக் கீறுவார், இன்னொருவர் மாமரத்தை. ஒவ்வொரு கோட்டுப் படத்துக்கும் பக்கத்தில் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவோடு வரைந்த படமும் உண்டு. அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஒன்றில் வீடு இருக்கிறது, மற்றதில் வீட்டில் இருந்த ஆள் இருக்கிறார்.

நாடகக்காரர் எங்களைவிடத் துணிந்தவர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். குழந்தை ம. சண்முகலிங்கம் மாஸ்டரின் "மண் சுமந்த மேனியர்" 1985இல் மேடையேறியது. மேடையில் நடந்தது முடிந்ததும் கலைந்துவிடும், கையில் அகப்படாது. படம் அகப்படும்.

2009க்கு வருகிறேன். முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சனத்தின் இடுப்பில் ஒரு பொலித்தீன் பை கட்டியிருக்கும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், சில படங்கள். வட்டுவாகலில் கடல்நீர் புகுந்து படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். செட்டிகுளம் முகாம்களில் அவற்றை வெயிலில் காயவிட்டு உரித்தவர்கள் முகங்களை இழந்தார்கள். ஒட்டிய படத்தைக் காயவிட்டுப் பிரிக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, அது தானாகக் கழரும்வரை பொறுத்திருக்க வேண்டும். முகாமிலிருந்து விட்டவுடன் ஸ்ரூடியோவுக்கு வந்த ஒரு அம்மாவின் கட்டை அப்படித்தான் பிரித்தேன். அவர் பேசின் பக்கத்திலேயே நிலத்தில் குந்தியிருந்தார். ஒவ்வொரு படமாகக் கழரும்போது பெயர் சொன்னார். மகனின் படம் கடைசியில் வந்தது. சாமத்தியவீட்டுக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், ஒரு மாமாவின் தோளுக்குப் பின்னால், பாதி முகம்.

அன்று தொடங்கிய வேலை இன்றும் தொடர்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரே படத்தைப் பெரிதாக்குவது. நல்ல படம் யாரிடமும் இருப்பதில்லை. ஓ.எல். பரீட்சை அனுமதிக்காக எடுத்த படம், குடும்ப அட்டைப் படம், கலியாணக் கூட்டத்தின் ஓரம். போட்டோஷொப்பில் பக்கத்து ஆளை அகற்றி, பாதி முகத்தை முழுதாக்கி, பின்னால் நீலம் போட்டுக் கொடுப்போம். அன்று பயத்தால் வெட்டியெடுத்தவர்களை இன்று திரும்ப ஒட்டுகிற வேலை என்று தம்பி சொல்வான். அம்மாமார் சொல்லும் நிபந்தனைகள் அநேகமாக ஒன்றே. "மாலை போடாதேங்கோ. சந்தனப் பொட்டு வைக்காதேங்கோ. அவன் இருக்கிறான்." சட்டகக் கடைக்காரருக்கும் இது தெரியும், அந்தப் படங்களுக்கு அவர் மேலே மின்விளக்குப் பொருத்துவதில்லை. ஒருவர் மட்டும் வித்தியாசமாகக் கேட்டார். "அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு. அப்பிடி ஆக்கித் தரேலுமோ?" செய்து கொடுத்தேன். பார்த்துவிட்டு, அவனுடைய தகப்பன்மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பழைய படத்தையே வாங்கிக்கொண்டு போனார்.

கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் அம்மாமார் தொடங்கிய போராட்டத்துக்குப் பிறகு படங்கள் வெயிலுக்கு வந்தன. இரண்டு மழைக்காலம் போனால் லாமினேற்றுக்குள் ஈரம் ஏறி நிறம் மங்கும். புதுப்பிக்க வருவார்கள். சிலர் வராமல் போனார்கள். விசாரித்தால் தாயே காலமாகிவிட்டார். அப்படி ஒருவருடைய செத்தவீட்டுக்கு நானே படம் எடுத்திருக்கிறேன். இந்தப் படங்களைக் கலைப்பொருளாகக் கொழும்பு மண்டபங்களில் மாட்ட நல்ல மனதோடு கேட்டவர்கள் உண்டு. சில அம்மாமார் சம்மதித்தார்கள், சிலர் மறுத்தார்கள். மறுத்தவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2009க்குப் பிறகும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் படையினர் வீடு வீடாகப் பதிவு செய்து குடும்பப் படம் எடுத்ததை அவர்கள் மறக்கவில்லை. கமெரா யாருடைய கையில் இருக்கிறது என்பதை எங்கள் சனம் முதலில் பார்க்கும்.

தெற்கிலும் மாலை போடாத படங்கள் உண்டு. நீர்கொழும்பு வீதியில் சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொழுவைச் சந்தி. 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களுக்காக, சந்திரகுப்த தேனுவர வடிவமைத்த நினைவிடம் அங்கே இருக்கிறது. சுவரில் வரிசையாக முகங்கள். வருடம்தோறும் ஒக்ரோபர் 27இல் குடும்பங்கள் கூடும். இதே தேனுவரதான் கறுப்பு ஜூலையை நினைவுபடுத்தி 1997 முதல் ஒவ்வொரு ஜூலை 23இலும் கண்காட்சி வைத்துவருகிறார். ஒருமுறை வடக்கிலிருந்து அம்மாமார் போன பஸ்ஸில் நானும் படம் எடுக்கப் போனேன். மொழி இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. ஒரு சிங்களத் தாய் எங்கள் அம்மாவின் கையிலிருந்த படத்தை வாங்கி, தன் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு விரலால் கேட்டார், எத்தனை வருடம் என்று. எங்கள் அம்மா காட்டினார். அவர் தன்னுடைய கணக்கைக் காட்ட இரண்டு கையும் போதவில்லை. திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னது: "அவவுக்கே இன்னும் பதில் குடுக்கேல்லை எண்டால், எனக்கு எங்க குடுக்கப் போறாங்கள்?" ஒற்றுமை வந்ததா என்று கேட்டால், வந்தது; நம்பிக்கை குறைந்தது. இரண்டும் ஒரே பஸ் பயணத்தில்.

காணாமற்போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. அதில் ஏறக்குறைய 5,000 காணாமற்போன படையினரின் குடும்பங்கள் கொடுத்தவை. வடக்கு, கிழக்கு, தெற்குத் தாய்மாரின் கதைகளைச் சேர்த்த "ஹேர்ஸ்டோரிஸ்" திட்டத்தின் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கே கொடுக்கப்பட்டன. அரச கட்டடத்துக்குள் இந்தக் கதைகளுக்கு ஒரு தட்டு கிடைத்ததை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். ஆனால் அம்மாமார் கேட்பது வேறொரு ஆவணம். 2009 மே 18இல் வட்டுவாகலில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் கையளித்தவர்கள் அன்றைக்கு எழுதப்பட்ட பெயர்ப்பட்டியலைக் கேட்கிறார்கள். அது இன்னும் வெளிவரவில்லை. எங்கள் ஐயா கடன் பாக்கிக்காக எழுதிய கொப்பி இருக்கிறது. ஆட்களைப் பொறுப்பேற்றவர்கள் எழுதியது இல்லை.

எங்கள் பக்கத்துக் கதவுகளும் முழுதாகத் திறக்கவில்லை. இயக்கங்களுக்கிடையிலான கொலைகளைப் பேசிய ஜூட் ரட்ணத்தின் "டீமன்ஸ் இன் பரடைஸ்" ஆவணப்படம் 2017இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்து நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தின் பார்வையோடு எனக்குச் சண்டை உண்டு. பார்த்துவிட்டுச் சண்டை பிடித்திருக்கலாம். 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது கொதித்தெழுந்தோம், அது நியாயம். அந்த வருடம் ஏப்ரலில் தூபி திரும்பக் கட்டப்பட்டது. அதே கொதிப்பு ஒரு படம் நிறுத்தப்பட்டபோதும் வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாகச் செம்மணி. 1998 ஜூலையில், கிருஷாந்தி குமாரசாமி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற படையினன் ஒருவன், 1995, 96இல் படை யாழ்ப்பாணத்தைப் பிடித்த காலத்தில் அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னான். அடுத்த வருடம் தோண்டியதில் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன, விஷயம் அதோடு கிடப்பில் போனது. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மறுபடி எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்ததில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. ஓகஸ்ட் 5ஆம் திகதி, புதைகுழியிலிருந்து எடுத்த பொருட்களைச் சனம் பார்த்து அடையாளம் சொல்வதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள்.

நானும் வரிசையில் நின்றேன். நீலப் பள்ளிக்கூடப் பை. பொம்மை. பால் போத்தல். காப்புகள், செருப்புகள், மண் ஊறிய துணிகள். 2004இல் நூலகத்தில் சனம் தாங்கள் கொடுத்த பொருட்களைத் தேடிச் சிரித்ததைப் பார்த்த கண்ணால் இதையும் பார்த்தேன். இங்கே யாரும் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க விரும்பவில்லை. ஆனாலும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு சட்டைத் துணியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒண்டு இருந்தது, ஆனா இதோ தெரியேல்லை" என்றார். முப்பது வருடத்துக்கு முந்திய சட்டையின் பூவை யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்? படத்தில் இருந்தால் சொல்லலாம். அன்று இரவு நான் ரின்களை இறக்கி 1995, 96ஆம் வருடக் கீலங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன். கறுப்பு வெள்ளைதான், நிறம் தெரியாது. பூவின் வடிவம் தெரியும், செருப்பின் வார் தெரியும், பையின் பூட்டுத் தெரியும். ஐயாவின் கொப்பியில் பெயரும் ஊரும் திகதியும் இருக்கின்றன.

எங்களிடம் இருப்பது ஒரு கடையின் படங்கள். மற்றக் கடைகளின் நெகற்றிவ்கள் எரிந்தன, நனைந்தன, கறையான் தின்றன. ஆனால் அச்சடித்த பிரதிகள் அழியவில்லை. அவை தபாலில் போய்விட்டன. செத்தவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஊரில் எடுத்த படங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சூறிச்சிலும் அலுமாரிக்குமேல் அல்பங்களில் கிடக்கின்றன. புத்தளத்திலும் கிடக்கலாம்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1995, 96இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த படம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடுவில் நிற்பவரை மட்டும் பார்க்காமல், ஓரத்தில் நிற்கிற பிள்ளைகளையும் அவர்கள் போட்டிருக்கிற உடுப்பையும் செருப்பையும் பாருங்கள். தெரிந்த பெயர், ஊர், வருடத்தைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். ஒட்டியிருக்கிற படத்தைப் பிய்க்காதீர்கள். மூலப் படத்தை யாரிடமும் கொடுத்துவிடாமல் ஸ்கான் செய்த பிரதியைக் கொடுங்கள். 2005இலிருந்து எங்கள் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. வழக்குக்கு உதவும் என்று தோன்றினால் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக ஆஜராகும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வெட்டப்பட்ட படமென்றால் அந்த வெட்டோடேயே கொடுங்கள், திருத்த வேண்டாம். ஊருக்கு அடுத்த முறை வரும்போது அல்பத்தையும் கொண்டுவாருங்கள்.